பாலத்தில் நின்ற லாரி

பிப்ரவரி 4

லிஃப்ட் மெக்கானிக்குக்கு,

புது கேம் மெஷின் வாங்கியிருக்கிறாய். வாழ்த்துகள். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று முழிக்காதே. யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. என்னுடைய மெஷினே சொல்லிவிட்டது.

மலைமேல் இந்தச் சுரங்க முகாமில் அலுவலகத்தைத் தவிர வேறெங்கும் நெட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். நம் கேம் எல்லாம் உன் கணக்கில் டவுன்லோட் செய்தவை. அதனால் மாதம் ஒரு தடவை மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் நெட்டில் காட்டி, இவள் திருடியில்லை என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டும். இன்ஜினியர் கண்டும் காணாமலும் ஐந்து நிமிஷம் விடுவார். நேற்றும் விட்டார். திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: 'இந்தக் கணக்கின் முதன்மை இயந்திரம் மாற்றப்பட்டுள்ளது. இந்த இயந்திரத்தில் உள்ள விளையாட்டுகளுக்கு உரிமை இல்லை.' அத்தனை கேம் மேலும் ஒரு குட்டிப் பூட்டு.

அதோடு விட்டதா? யாரோ நெட்டைச் சொந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்று தலைமை அலுவலகம் மோப்பம் பிடித்து, இன்ஜினியருக்கு நல்ல டோஸ். இனி அலுவலகக் கணினிகளைத் தவிர எதற்கும் இணைப்பு இல்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என்னைப் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

போன வருஷம் வீடு மாற்றும்போது என் கேம் டிஸ்க் முழுவதையும் பழைய கேம் கடையில் தள்ளிவிட்டு, என்ன சொன்னாய்? "எல்லாம் உள்ளேயே இருக்கு. இனிமே தூக்கிச் சுமக்க வேண்டியதில்ல." உள்ளேயேதான் இருக்கிறது. கண்ணால் பார்க்கிறேன். தொட முடியவில்லை.

எனக்காக மட்டும் என்றால் தலையணையைக் குத்திவிட்டுப் படுத்திருப்பேன். இந்த மெஷின் இப்போது என் அறையில் இல்லை, வார்டில் இருக்கிறது. சுரங்கத்தில் பாறை துளைக்கும் ஆள் ஒருவன், வலது கையில் மூன்று விரல் நசுங்கி என்னிடம் கிடக்கிறான். டிரில் சத்தத்தில் காது மந்தமாகி, எதையும் கத்தித்தான் பேசுவான். முகாமே அவனை சவுண்டு என்று கூப்பிடுகிறது. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் பந்தைச் சுவரில் எறிவான். லாரி ஓட்டும் கேமைக் கொடுத்த பிறகுதான் அந்த விரல்கள் மடங்க ஆரம்பித்தன. மார்ச் கடைசியில் கம்பெனி டாக்டர் வருவார். ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்குக் கை தேறினால் மண் அள்ளும் லாரியில் வேலை. இல்லையென்றால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள்.

இன்று காலை அவன் கன்ட்ரோலரை எடுத்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், பூட்டிட்டாங்க போல!" என்று கத்தினான். 

இன்னொரு வருஷம் இருக்கிறாயா என்று கேட்டு என் மேஜையில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

பூட்டு போடப்பட்டவள்


பிப்ரவரி 11

சிஸ்டருக்கு,

(கட்டிய மனைவியை சிஸ்டர் என்கிறேன் என்று என் அக்கா இன்னமும் தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரி லிஃப்டில் நீ மாட்டிக்கொண்ட அன்று, மேலிருந்து "பயப்படாதீங்க சிஸ்டர்" என்று கத்தினேன். அது வாயில் ஒட்டிக்கொண்டது. நான் என்ன செய்ய?)

மெஷின் வாங்கியது உண்மை. உன்னிடம் சொல்லாதது தப்பு. ஆனால் உன்னைப் பூட்ட வேண்டும் என்று நான் கனவில்கூட நினைக்கவில்லை. பெட்டியைப் பிரித்து, கணக்கைப் போட்டதும் அது வரிசையாகக் கேள்வி கேட்டது. மொழி இதுவா, ஆம். நேரம் சரியா, ஆம். இதை முதன்மை இயந்திரமாக்கவா, ஆம். எல்லாவற்றுக்கும் ஆம் ஆம் என்று அமுக்கிக்கொண்டே போகிறவன் நான், உனக்குத் தெரியாதா? கல்யாணப் பதிவிலேயே படிக்காமல் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்காரர் இடத்தில் என் பெயர் விழுந்ததே.

ஏன் வாங்கினேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நிற்கிறேன். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே அமைதி. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம், நிற்கிற சத்தம். டிவிக்குக் கீழே நீ மெஷினைக் கழற்றிக்கொண்டு போன இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடியவில்லை.

டிஸ்க் விஷயம். பழைய வீட்டுச் சுவர் ஈரத்தில் பாதி டிஸ்கில் பூஞ்சை பிடித்திருந்தது. லிஃப்டுக்குள் நுழையாத பீரோவோடு நடுவழியில் நிற்கிற குடும்பங்களைத் தினமும் பார்க்கிறவன் நான். சாமான் குறைந்தால் மனுஷன் நிம்மதியாக இருப்பான் என்று உண்மையாகவே நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

சரி, தீர்வு. என் மெஷினிலிருந்து அந்த முதன்மையைக் கழற்றிவிட்டேன். உன் மெஷினை ஒரே ஒரு தடவை நெட்டில் இணைத்தால் போதும், பூட்டு தானாகத் திறந்துவிடும்.

ஒன்று கேட்கட்டுமா, கோபப்படாதே. டிஸ்கை உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரமே மலைக்குப் போகக் கையெழுத்துப் போட்டாயே, நீ யாரைக் கேட்டாய்?

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனா அழுத்தமாக எழுதுகிறது, அடித்தாலும் தெரியும். இருக்கட்டும்.

படிவத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

மெக்கானிக்


பிப்ரவரி 19

ஒரே ஒரு தடவை நெட்டில் இணைத்தால் போதுமாமே. இங்கே நெட் இருந்தால் நான் எதற்காக மளிகை லாரிக்காரர் கையில் கடிதம் கொடுத்துவிட்டு, அவர் எப்போது திரும்பி வருவார் என்று பாதையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்? நீ லிஃப்ட் பழுது பார்க்கிற அழகும் இப்படித்தானா? கயிறு அறுந்து கிடப்பவர்களிடம் ஒரே ஒரு தடவை மேலே வந்தால் போதும் என்பாயோ?

மெஷினைக் கீழே டவுனுக்கு அனுப்பலாமே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். மேலே வரும்போதே லாரியில் உருண்டு, ஃபேன் கடகடவென்று ஆடுகிறது. இன்னும் இரண்டு பயணம் தாங்காது.

சவுண்டு கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். பந்தும் வேண்டாமாம், வேறு எதுவும் வேண்டாமாம். "லாரி ஓட்டத்தான் எனக்கு விரல் வேணும். பந்து பிடிக்கவா?" என்று கத்துகிறான். நேற்று சுரங்கத்தில் வெடி வைத்தபோது தகரக் கூரை அதிர்ந்தது. டம்ளர் கீழே விழுந்தது. அதைப் பிடிக்கக் கையை நீட்டினான், விரல் மடங்கவில்லை. நான் குனிந்து பொறுக்கினேன். 

யாரைக் கேட்டேன் என்கிறாய். யாரையும் கேட்கவில்லை. கோபத்தில் போட்டேன். நீ தடுப்பாய் என்று நினைத்தேன். நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

படிவம் அப்படியே இருக்கிறது. மார்ச் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. இங்கே யாரும் எனக்குத் தெரியாமல் எதையும் வெளியே தள்ளுவதில்லை.


பிப்ரவரி 26

சிஸ்டருக்கு,

இத்துடன் வருகிற பொட்டலத்தைக் கவனமாகப் பிரி. லாரி கேமின் புத்தம் புது டிஸ்க்! சீல்கூட உடைக்காதது. டவுன்லோட் கட்சியிலிருந்து விலகி உன் கட்சியில் சேர்ந்துவிட்டேன். மாலை மரியாதை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

போட்டுப் பார்த்து அனுப்ப முடியவில்லை. என் புது மெஷினுக்கு டிஸ்க் போடுகிற வாயே கிடையாது. கடைக்காரர், "புதுசு சார், கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க" என்றார். மூடிக்கொண்டு அனுப்புகிறேன்.

உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பற்றி. நீ தூக்கச் சொன்னாய், தூக்கினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று வாயை மென்றுகொண்டு வந்தேன். பஸ் வந்துவிட்டது. 'போகாதே' என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று அப்போது தெரியவில்லை. டிஸ்கை விற்றவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வான்?

சவுண்டுக்கு என் வணக்கம். கத்திச் சொல்.

மெக்கானிக்


மார்ச் 5

என் கட்சித் தொண்டருக்கு,

பொட்டலம் வந்தது. வார்டே கூடிவிட்டது. சமையல்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். சவுண்டு போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். சீலை அவனையே கிழிக்கச் சொன்னேன், பல்லால் கிழித்தான். டிஸ்க் உள்ளே போனது. திரையில் லாரி வந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

அப்புறம் வந்தது: 'தொடர்வதற்கு மீதமுள்ள கோப்புகளை டவுன்லோட் செய்யவும்.'

டிஸ்கில் இருப்பது வெறும் சாவியாம். வீடு நெட்டில் இருக்கிறதாம். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆசையாக இத்தனை வருஷம் டிஸ்க் கட்சியில் இருந்தேனே, அந்தக் கட்சியே கட்சி மாறிவிட்டது. இந்தத் தடவை உன்மேல் தப்பில்லை. எழுதியே தருகிறேன்.

பழைய டிஸ்கில் முழு கேமும் இருக்கும். நெட் கேட்காது, உன்னையும் கேட்காது. என்னுடைய பழைய டிஸ்க் யாரிடம் போனது? உள்ளட்டையில் பச்சை மையில் என் ஹாஸ்டல் அறை எண் இருக்கும். டிஸ்கில் பிறை மாதிரி ஒரு கீறல். மூன்றாவது மலையில் பாலத்துக்கு வந்ததும் லாரி அப்படியே நின்றுவிடுமே, நீ "டீ போடுறேன்" என்று எழுந்து போவாயே, அந்த டிஸ்க்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூஞ்சை என்றாய், சாமான் என்றாய். நான் எத்தனை அறைகளில் இருந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஹாஸ்டல், மூன்று பேர் அறை, இரவுப் பணிக்காரிகளோடு மாற்றி மாற்றிப் படுக்கிற கட்டில். அங்கெல்லாம் கட்டில் என்னுடையது இல்லை, அலமாரி என்னுடையது இல்லை. அந்த டிஸ்க் வரிசைதான் என்னுடையது. அதை ஜன்னல் ஓரம் அடுக்கினால் அது என் அறை. நீ அதைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, இந்த வீட்டில் என்னுடையது எது என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாம் உன் கணக்கில் இருந்தது. அதுதான் வலித்தது. சண்டையில் இதைச் சொல்லத் தெரியாமல் வீடு மாற்றியதில் டப்பா மூடி உடைந்தது, தலையணை உறை தொலைந்தது என்று என்னென்னவோ கத்தினேன்.

டிஸ்க் கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை. கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதே, எழுது.


மார்ச் 14

சிஸ்டருக்கு,

நிதானமாகப் படி. கதை பெரியது.

உன் கடிதத்தை லிஃப்ட் குழிக்குள் டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். மேலே ஏறி வந்து, வேலை முடியவில்லை என்று சொல்லிவிட்டு நேராகப் பழைய கேம் கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அந்தப் பழைய பதிப்பு இப்போது வருவதே இல்லையாம். "பச்சை மை போட்டதா? அது கண்டக்டரம்மாகிட்ட போச்சு சார். சனிக்கிழமை வருவாங்க. ஆனா நீங்க கேட்டுப் பாக்குறது…" என்று இழுத்தார்.

சனிக்கிழமை காலையிலிருந்து கடை வாசலில் நின்றேன். வந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோள்பையை மாட்டியிருக்கும் தோரணையிலேயே, சில்லறை இல்லையென்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார் என்று தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "குடுக்க மாட்டேன்" என்றார்.

இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். "நீ பத்து மடங்கு குடு. என் சர்வீஸ் பூரா டிரைவருக்குப் பின்னாடி நின்னேதான் டிக்கெட் குடுத்தேன். இப்பத்தான் ஸ்டியரிங் என் கைக்கு வந்திருக்கு. அதைப் புடுங்கலாம்னு பாக்குறியா?" என்றார். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கேயே நின்றேன், எனக்குக் கோபமே வரவில்லை. உன்னிடமிருந்து உன் கேம் அத்தனையையும் நான் ஒரு விரலால், தெரியாமலேயே பிடுங்கிவிட்டேன். இந்த அம்மாவிடமிருந்து கெஞ்சியும் ஒன்றை வாங்க முடியவில்லை. உன்னுடையது என்று நீ சொன்னது என்னவென்று அந்த வாசலில்தான் புரிந்தது. தாமதம்தான். திட்டிக்கொள்.

பிறகு சவுண்டைப் பற்றிச் சொன்னேன். விரல், டாக்டர், மண் லாரி, எல்லாம். கண்டக்டரம்மா பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில், "விக்க மாட்டேன். இரவல் தர்றேன்" என்றார். "ஆனா திருப்பிக் குடுக்க நீ வந்தா வாங்க மாட்டேன். பச்சை மையில நம்பர் எழுதினவ வரணும். அவகிட்ட நான் ஒண்ணு கேக்கணும். அந்தப் பாலத்துல லாரி நின்னுடுது. வாங்கின நாள்லேருந்து அதைத் தாண்ட முடியல. எப்படித் தாண்டுறதுன்னு அவ வந்து சொல்லணும்."

"உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? நான் டீயோடு வரும்போதெல்லாம் லாரி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். நீ எப்படிக் கடந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

டிஸ்க் இத்துடன் இருக்கிறது. பஞ்சில் சுற்றி, என் பழைய சட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். இது இரவல், மறந்துவிடாதே.

இந்த மாதக் கடைசியில் நீ படிவத்தில் என்ன எழுதினாலும், பஸ் ஸ்டாண்டில் மென்று விழுங்கியதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு நீ இங்கே வேண்டும். அவ்வளவுதான். லாரிக்காரர் கையில் கொடுப்பதற்குள் தைரியம் போய்விடக் கூடாது என்று இப்போதே கவரை ஒட்டுகிறேன்.

மெக்கானிக்


மார்ச் 24

உனக்கு,

டிஸ்க் பத்திரமாக வந்தது. உன் சட்டையைத் திருப்பித் தருவதாக இல்லை.

போட்டதும் ஓடியது. ஒரு கேள்வி கேட்கவில்லை. கணக்கு யார், உரிமை உண்டா, ஒன்றும் இல்லை. சவுண்டு போட்ட கூச்சலில் இன்ஜினியரே விபத்து என்று நினைத்து ஓடி வந்தார். திரையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது மலைக்கு வர அவனுக்கு நாலு நாள் ஆனது. பாலத்தில் லாரி நின்றது. "சிஸ்டர், செத்துப்போச்சு!" என்று கத்திக்கொண்டு எல்லாப் பொத்தானையும் குத்தினான். 'டிஸ்கைப் படிக்க முடியவில்லை' என்று வெளியே தள்ளிவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

கண்டக்டரம்மா கேட்டதற்குப் பதில் இதுதான். அவரிடம் நீ சொல்லிவிடாதே, நான் சொல்ல வேண்டியது. பாலத்தில் லாரி நின்றால் எதையும் அமுக்கக் கூடாது. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மெஷின் அந்தக் கீறலைத் தடவித் தடவி, தானாகவே படித்துக்கொண்டு போகும். பொறுக்காமல் ஒரு பொத்தானைத் தொட்டாலும் போச்சு. நீ பக்கத்தில் இருந்தால் நிச்சயம் எதையாவது அமுக்குவாய். அதனால்தான், "டீ போடேன்" என்று உன்னை எழுப்பிவிட்டேன். ஆரம்பத்தில். போகப் போக நீயே எழுந்து போக ஆரம்பித்தாய்.

அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். திரையில் ஒன்றும் அசையாது. சமையலறையில் நீ எதையாவது கீழே போடுவாய். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். டவுன்லோட் செய்ததில் லாரி பாலத்தில் நிற்பதே இல்லை, சல்லென்று போய்விடுகிறது. நீயும் டீ போடுவதை விட்டுவிட்டாய்.

சவுண்டுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி காத்திருந்தான். லாரி நகர்ந்தது. அவன் கத்தவில்லை. மெதுவாகக் கன்ட்ரோலரை எடுத்தான். மூன்று விரலும் மடங்கியிருந்தன, அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன்.

நேற்று கம்பெனி டாக்டர் வந்தார். தன் ஜீப் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். இப்போதைக்குச் சின்ன வண்டி, கை இன்னும் தேறினால் மண் லாரி என்று எழுதிக் கொடுத்தார்.

இன்று மெஷினிலிருந்து டிஸ்கை எடுத்து உறையில் வைத்தேன். "இது இரவல், திருப்பிக் கொடுக்கணும்" என்றேன். "யார் கொண்டு போவாங்க?" என்றான். நான்தான் போக வேண்டும் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லப் பேசினான். "அப்ப நீங்களும் திரும்பி வர மாட்டீங்களா?"

படிவம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. காலையில் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். போன தடவை உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். நீ என்னைக் கேட்காமல் டிஸ்கைக் கொடுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அதனால் இந்தத் தடவை கேட்கிறேன். எனக்கு என் பெயரில் ஒரு கணக்கு வேண்டும். ஜன்னல் ஓரம் ஓர் அலமாரி வேண்டும், அதில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது என்னுடையதாக இருக்க வேண்டும். இவ்வளவையும் படித்துவிட்டு, யோசித்துவிட்டுச் சொல்.

நான் வரட்டுமா?

லாரிக்காரர் இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்துவிட்டு டவுனில் மூன்று நாள் தங்குவார். பதிலை அவரிடமே கொடுத்தால் கெடுவுக்குள் வந்துவிடும்.


மார்ச் 28

உனக்கு,

லாரிக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "ஒரு வரி எழுத இவ்வளவு நேரமா? வண்டி கிளம்பணும்" என்று அவசரப்படுத்துகிறார். கடிதம் கைக்கு வந்ததிலிருந்து மூன்று நாளாக மேஜைமேல் வைத்துவிட்டு பேனாவைத் தொடாமல் இருந்தேன். டீ போட்டேன், ஆற வைத்தேன், மறுபடி போட்டேன். ஜன்னல் ஓரத்தை அளந்து அலமாரி அடித்தாகிவிட்டது. உன் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன், ஒரு வரிகூடத் தாண்டவில்லை.

ஆம்.